கோணப்பாறைத் துறைக்கு யாரும் வரக்கூடாது

"வியாழக்கிழமை கோணப்பாறைத் துறைதானே ஆரின்? காலையில எத்தனை மணிக்கு?"

தீவனக் கடை எல்டன் இப்படிக் கேட்டபோது ஆரின் ஸ்டாட்லர் பெட்ரோல் பங்க்கில் தன் பிக்கப் வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"உனக்கு யார் சொன்னது?"

எல்டனின் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்தது. "யாரும் சொல்லலையே. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்" என்று உளறிவிட்டு, வாங்கிய காபியைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் ஊரில் ஒருவன் தன் சம்பளத்தைச் சொல்வான். மூலவியாதி இருந்தால் அதையும் விலாவாரியாகச் சொல்வான். மீன் பிடிக்க எந்தத் துறையில் படகை இறக்கப்போகிறான் என்பதை மட்டும் சொல்லமாட்டான். அதைக் கேட்பதே மரியாதை இல்லை. தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டால், பொய் சொல்வதுதான் மரியாதை. மொன்டானாவில் மேடிசன் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த எல்டனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தே கேட்டிருக்கிறான் என்றால் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது என்று அர்த்தம்.

ஆரினுக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும்? ஜூன் கடைசி. ஆற்றில் சால்மன் ஈ கிளம்பும் நேரம். கட்டைவிரல் நீளத்தில், ஆரஞ்சு வயிற்றோடு, கரையோரப் புதரில் எல்லாம் அப்பிக்கொண்டு கிடக்கும். காற்றடித்தால் கொத்துக் கொத்தாகத் தண்ணீரில் விழும். வருஷம் முழுக்க அடியிலேயே பதுங்கியிருக்கும் கிழட்டு டிரவுட் மீன்கள்கூட வெட்கத்தை விட்டு மேலே வந்து வாயைப் பிளக்கும். இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய பொய் ஈயை அந்த நேரத்தில் குருடன் வீசினாலும் மீன் கவ்வும். அதனால்தான் டெக்சாஸிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும், விலைச்சீட்டு இன்னும் கிழிக்காத தொப்பிகளோடு ஒரு பட்டாளமே வந்து இறங்கும். ஆற்றில் தண்ணீரைவிடப் படகு அதிகமாக இருக்கும்.

ஆரினுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு நாள்தான் வேண்டியிருந்தது. அவருடைய நண்பர் வெர்ன் டகெட் அடுத்த வாரம் ஊரைவிட்டே போகிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. இன்னொரு மொன்டானா குளிரைத் தாங்காது என்று மகள் அரிசோனாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள். வீட்டையும் விற்றாகிவிட்டது. பள்ளிப் பேருந்தை வெர்ன் ஓட்ட, ஆரின் பழுது பார்க்க, இருபத்தைந்து வருஷமாக இரண்டு பேரும் ஒரே படகில் போனவர்கள். கடைசியாக ஒருமுறை கோணப்பாறையிலிருந்து கீழ்ப்பாலம் வரை, வேறொரு மனித முகத்தைப் பார்க்காமல், ஆறும் தாங்கள் இருவருமாக மட்டும் மிதந்து போகவேண்டும். சினேகிதனுக்கு வேறு எதைக் கொடுத்து அனுப்புவது என்று ஆரினுக்குத் தெரியவில்லை.

அதில்தான் எவனோ மண்ணைப் போடுகிறான்.

வியாழக்கிழமை விஷயம் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். ஆரின், வெர்ன், வண்டி மாற்றும் மார்வா. படகு ஆற்றோடு கீழே போய்விடும், பிக்கப் மேல்துறையிலேயே நிற்கும் அல்லவா? அதை ஓட்டிக்கொண்டுபோய்க் கீழ்த்துறையில் விட்டு, சாவியை டீசல் மூடிக்குள் வைத்துவிட்டு வருவதுதான் மார்வாவின் தொழில். யார் எங்கே இறங்கி எங்கே ஏறுகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஆரின் நேரே அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உன் வாயில கொழுக்கட்டையை வச்சிருந்தா என்ன? ஏன் ஊரெல்லாம் தண்டோரா போட்ட?"

மார்வா டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை போகல. போயிருந்தா இத்தனை வருஷம் இந்தத் தொழில் நடந்திருக்குமா?"

"அப்ப எல்டனுக்கு யார் சொன்னது?"

"அதை எல்டன்கிட்ட கேளுங்க."

"இனிமே என் வண்டியை நீ தொடவேண்டாம்!"

"சந்தோஷம். உங்க வண்டியில நாய் நாத்தம் தாங்கல."

கதவை அறைந்து சாத்திக்கொண்டு ஆரின் கிளம்பினார். அறைந்தது தன் பிக்கப்பின் கதவை. கண்ணாடி உள்ளே இறங்கி மாட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து வெர்னுக்குப் போன் போட்டார். "டேய், வியாழன் வேண்டாம். புதன்கிழமை போயிடுவோம். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"ஏண்டா இவ்வளவு பாடு?" என்றார் வெர்ன். "நாலு படகு கூட இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே."

"நாலு படகா? உனக்கு முழங்கால்தான் போச்சுன்னு நெனச்சேன்."

வெர்ன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆரின் அதற்குள் போனை வைத்துவிட்டார்.

வண்டி மாற்ற மார்வா இல்லை. மனைவியின் காரை முதல் நாளே கீழ்ப்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவது என்று முடிவு செய்தார். நோலாவிடம் சொன்னதும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். மேஜைமேல் ஹக்கிள்பெர்ரிப் பழத்தை உள்ளே வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தது.

"புதன்கிழமை எனக்குக் கார் வேணும்."

"எதுக்கு?"

"இதையெல்லாம் தலையில சுமந்துட்டா போவேன்?"

"யார் திங்கப்போறா இவ்வளவையும்?"

"வாயிருக்கிறவங்க திம்பாங்க. உன்னோட வாய்க்குக் கத்தத்தானே நேரம் இருக்கு!"

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, தேன்நிலவின்போது ஆரின் அவளை ஆற்றங்கரைக் கூடாரத்தில் கொசுவுக்குத் தின்னக் கொடுத்தது வரைக்கும் பின்னோக்கிப் போனது. கடைசியில் கார் கிடைத்தது. அவளிடமிருந்து பேச்சு நின்றுபோனது.

அடுத்தது, ஊரைத் திசைதிருப்பும் வேலை. தூண்டில் சாமான் விற்கும் கிப்பின் கடைதான் எங்கள் ஊர் வானொலி. அங்கே கூட்டமாக இருக்கும் நேரம் பார்த்து ஆரின் நுழைந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "கோணப்பாறையில ஒரு ஈ இல்ல, ஒரு மீன் இல்ல. எல்லாம் கீழ்ப்பாலத்துக்குக் கீழே போயிடுச்சு" என்றார்.

வழக்கமாக இப்படிச் சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், ரெண்டு பேர் கண்ணடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு எல்லோரும் சாதுப் பிள்ளைகள் மாதிரித் தலையை ஆட்டினார்கள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் கிப். "புதன்கிழமை காத்துகூட இருக்காதாம். நல்ல நாள்."

ஆரினுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. "நான் புதன்கிழமைன்னு சொன்னேனா?"

"இல்ல... வானிலை அறிக்கையில..." கிப் மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தான். வெகு நேரம் தேடினான்.

போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று ஆரின் முடிவுகட்டினார். வீட்டுக்கு வந்து போனைத் துணியில் சுற்றி மாவு டப்பாவுக்குள் புதைத்தார். பிறகு வேறொரு யோசனை வந்தது. இந்த ஊரில் எவனும் மீன் விஷயத்தில் உண்மையை நம்பமாட்டான். எனவே உண்மையையே சொல்லிவிட்டால்? மறுபடி கடைக்குப் போனார்.

"நான் புதன்கிழமை காலையில கோணப்பாறையில இறங்குறேன். சூரியன் வரும்போதே இறங்குறேன். போதுமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மூலையில் நின்ற ஒரு ஆள், "ரொம்பச் சீக்கிரமா இருக்கே" என்று முணுமுணுத்தான். கிப் அவன் காலை மிதித்தான்.

உண்மையைச் சொன்னால்கூட நம்புகிற அளவுக்கு ஊர் கெட்டுப்போய்விட்டதே என்று ஆரினுக்கு ஆத்திரம் பொங்கியது. நியாயமான ஆத்திரம். பொய்யும் பலிக்காத, உண்மையும் பலிக்காத ஊரில் மனுஷன் என்னதான் செய்வான்?

அவர் கரடியைத் துணைக்கு இழுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, பலகையில் சிவப்புச் சாயத்தால் 'எச்சரிக்கை! குட்டிகளோடு கிரிஸ்லி கரடி நடமாட்டம்' என்று எழுதி, கோணப்பாறைத் துறைக்குப் போகும் பாதையில் நட்டுவிட்டு வந்தார். இனி ஒருத்தனும் எட்டிப்பார்க்கமாட்டான் என்று திருப்தியாக மதியச் சாப்பாடு சாப்பிட்டார்.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை அவர் மறந்துவிட்டார். அங்கே நாள் முழுக்கச் சுற்றியும் ஒரு கரடியின் வாலைக்கூடப் பார்க்காத குடும்பங்கள் அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் கோணப்பாறையில் வந்து குவிந்தன. முக்காலி போட்டுக் கேமராவை நிறுத்தினார்கள். மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். குட்டிகள் எந்தப் பக்கம் வரும் என்று ஒரு அம்மாள், நிலவரம் பார்க்கப் போன ஆரினையே கேட்டாள்.

வனக்காவலர் வந்தார். பலகையைப் பார்த்தார். ஆரினின் விரல் நகத்தில் ஒட்டியிருந்த சிவப்புச் சாயத்தையும் பார்த்தார்.

"ஆரின், உங்களுக்கு வயசு அறுபத்திநாலு."

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. என் பையனுக்கு ஆறு வயசு. அவன் செய்யுற வேலை இது. பலகையை நீங்களே புடுங்கிடுங்க."

அத்தனை பேர் முன்னாலும் ஆரின் பலகையைப் பிடுங்கினார். அவர் பிடுங்குவதை நாலைந்து பேர் படம் பிடித்தார்கள்.

புதன்கிழமை விடியலில் வெர்னை ஏற்றிக்கொண்டு, படகை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு கிளம்பினார். கண்ணாடி ஏறாத கதவு வழியாகக் குளிர் காற்று முகத்தில் அறைந்தது. வழியெல்லாம் வெர்ன் புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தார். மீன் பிடிக்கப் போகிறவன் எதற்குச் சவரம் செய்துகொண்டு வருகிறான் என்று ஆரினுக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசி வளைவைத் திரும்பியதும் அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

கோணப்பாறைத் துறையில் தரையே தெரியவில்லை. வண்டிகள், டிரெய்லர்கள், படகுகள். ஆற்றில் ஏற்கெனவே ஒரு டஜன் படகு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எல்டன் நின்றான். கிப் நின்றான். மார்வாவும் நின்றாள். கடையில் கால் மிதிபட்டவன் நின்றான். பெஞ்சின் மேல் ஹக்கிள்பெர்ரி பை பலகாரங்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் நோலா நின்றாள். அவளும் சேர்ந்து துரோகம் செய்துவிட்டாள்!

ஆரின் இறங்கினார். தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா? வருஷம் பூரா இந்த ஆறு உங்களுக்குத்தானே கிடக்குது! ஒரு நாள்! ஒரே ஒரு நாள் கேட்டேன். அதுவும் எனக்கா கேட்டேன்? என் சினேகிதன் போறான்யா! இனிமே அவன் இந்தத் தண்ணியில கால் வைக்கமாட்டான். அவன் நிம்மதியா ஒரு மீன் பிடிச்சிட்டுப் போகக்கூடாதா? ஈ மொய்க்கிற மாதிரி வந்து மொய்ச்சிட்டீங்களே, வெக்கமா இல்ல?"

எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். எல்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

பிக்கப்பின் மறுபக்கக் கதவு திறந்தது. வெர்ன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். ஆரினைப் பார்க்காமல், நேரே கூட்டத்துக்குள் போனார். யாரோ அவரைக் கட்டிப்பிடித்தார்கள். யாரோ அவர் கையில் காபியைத் திணித்தார்கள். வெர்ன் தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து ஆரின் பார்த்ததே இல்லை.

"என்ன நடக்குது இங்க?" என்றார் ஆரின்.

மார்வா குனிந்து அவருடைய தொப்பியை எடுத்தாள். புழுதியைத் தட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"எங்க எல்லாரையும் கூப்பிட்டதே வெர்ன்தான், ஆரின். இருபத்தஞ்சு வருஷம் உங்ககூடத் தனியா மீன் பிடிச்சாச்சாம், கடைசி ஒரு தடவையாவது மனுஷங்களோட பிடிச்சிட்டுப் போறேன்னாரு."