மச்சானும் வாடகை உதவியும்

ஞானேந்திரன் அன்று ஒரு சரித்திர முடிவு எடுத்தான். மச்சான் கீர்த்திகனை வீட்டை விட்டுக் கிளப்புவது.

"ஒரு மாசம்தான் அத்தான்" என்று மொன்ட்ரியால்-நோர் வீட்டுக்கு வந்தவன், மூன்று பனிக்காலம் கண்டுவிட்டான். கிழமை நாளில் பகல் முழுக்க அவனுக்குச் சென்ட் லோரன்டில் வேலை. டவுன்டவுன் ரெஸ்டோரன்ட் குசினிக்குப் பின்னேரம் சமைக்கப் போகும் ஞானேந்திரனுக்கு அதுவரை சோபா சும்மா கிடைத்தது. சனியும் ஞாயிறும் மட்டும் அது மச்சானின் சொத்து. ரிமோட்டை வயிற்றில் வைத்துச் சாய்ந்தால் கோயில் மூலவர் மாதிரி அசையமாட்டான். ஞானேந்திரன் குசினிக் கதிரையில் குந்தியிருந்து போனில் கிரிக்கெட் பார்ப்பான்.

ஆனால் பெண்சாதியின் தம்பியை, அதுவும் மகளை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமனை, எந்த வாயால் போகச் சொல்வது? ஞானேந்திரன் அரசாங்கத்தின் வாயை இரவல் வாங்கினான்.

"இஞ்சரும் ஜெயனி, பெரிய பிரச்சினை வரப்போகுது."

"என்னப்பா?"

"எங்களுக்கு வாடகை உதவி வருதெல்லே? வீட்டில உழைக்கிற ஆள் இன்னொண்டு இருந்தால் அதை வெட்டுவாங்களாம்."

"ஆர் சொன்னது?"

"ஊரே சொல்லுது. எனக்கெண்டால் மனசே கேக்கேல்லை. தங்கமான பிள்ளை. ஆனா சட்டமெண்டு ஒண்டு இருக்கே..."

வெங்காயம் வெட்டியது ஜெயனி. கண்ணைத் துடைத்தது இவன்.

சண்டை பிடிப்பாள் என்று நினைத்தான். "சரி, கேட்டுப் பாக்கிறன்" என்றாள், அவ்வளவுதான். அடுத்த நாள் வாடகை உதவி அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். அரைவாசி பிரெஞ்சு, அரைவாசி இங்கிலிஷ், கடைசியில் நன்றிக்கு ஒரு மெர்சி. பிறகு தம்பியை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தாள். ஞானேந்திரன் வெளியே நின்று சோபாவைத் தட்டித் துடைத்தான். அப்படியொரு சந்தோசம் அவனுக்குக் கல்யாணத்தன்றும் வந்ததில்லை.

சனிக்கிழமை எழும்பி வந்தால், சோபாவில் கீர்த்திகன்.

"இவன் இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"ஏன் வெளிக்கிடோணும்? நீங்கள் சொன்னது சரிதானப்பா, கேட்டனான். ஆள் இருக்கிறது பிரச்சினையில்லையாம். அவன்ர உழைப்புத்தான் பிரச்சினையாம்."

"அப்ப?"

"அதுதான் வேலையை விடச் சொல்லிப்போட்டன். நேற்றோட விட்டிட்டான்."

கீர்த்திகன் காலை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

"பெரிய உபகாரம் அத்தான். இனித் திங்கள், செவ்வாயெண்டு எல்லா நாளும் நான் வீட்டிலதான்."