மூன்று மணி நேர ஞாபகம்

கடையில் இருப்பதிலேயே மறதி அதிகமான மெமரி கார்டாகப் பார்த்து வாங்குவது என்று அந்தத் திங்கட்கிழமை முடிவு செய்தேன். காரணம் என் மனைவி கிளெனிஸ்.

டப்போ நகரில் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் காரில் ஸ்டீயரிங் எனக்கு, இடப்பக்க இருக்கை அவளுக்கு. பர்க் ஊருக்கு அப்பால் ஆட்டுப்பண்ணையில் இருக்கும் மகள் லீயானைப் பார்க்கப் பதினெட்டு வருடமாக அப்படித்தான் போகிறோம். பண்ணைக்குள் வழிநெடுகக் கேட். ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் இறங்கித் திறந்து, கார் போனதும் மூடி, மறுபடி ஏற வேண்டும். மொத்தம் ஏழு கேட் என்பது என் கணக்கு. பதினொன்று என்பாள் கிளெனிஸ். அவளுக்கு எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் என்று விட்டுவிடுவேன்.

போன மாதம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இந்த வாட்டி நான் ஓட்டறேன், மெர்வ்."

"ஏன், என் ஓட்டுக்கு என்ன?"

"செல்லாத ஓட்டு. வலது பக்கக் கண்ணாடி எங்க?"

"அது தானா விழுந்துச்சு."

"தபால் பெட்டி?"

"ரோட்டுக்கு ரொம்பக் கிட்ட நின்னுச்சு."

காரின் முன்கண்ணாடியில் மாட்டினால் ஓட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் டாஷ்கேம் கேமரா ஒன்று, மகள் பரிசாக அனுப்பியது, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டி ஒரு வாரம் இருவரும் ஓட்டுவோம், சனிக்கிழமை சாயங்காலம் போட்டுப் பார்ப்போம், யார் ஒழுங்கோ அவரே ஓட்டட்டும் என்றேன் பெருந்தன்மையாக. அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கடைக்காரப் பெண் ஒரு கார்டை எடுத்து வைத்தாள். "இது டாஷ்கேமுக்குன்னே செஞ்சது. நம்ம வெயிலைத் தாங்கும். நாள் முழுக்க ஓட்டினாலும் அழியாது."

"எது சீக்கிரம் அழியும்?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இந்தச் சின்னது. மூணு மணி நேரம்தான். நிறைஞ்சுட்டா பழசை அழிச்சுட்டு அது மேலயே எழுதும்."

"அதைக் குடும்மா."

திட்டம் இதுதான். வியாழன் வரை நான் ஓட்டுவது. வெள்ளியும் சனியும் முழங்கால் வலி. அந்த இரண்டு நாளும் கிளெனிஸ் கில்காண்ட்ராவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவாள். போக வர தினம் இரண்டு மணி நேரம், மொத்தம் நாலு. ஆக, கார்டில் அவள் தப்புகள் மட்டும் மிஞ்சும். இதை ஒருவரிடம் மட்டும் சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரரிடம். பெயர் கால்; வாய் மட்டும் முழுசு. ஆனாலும் மனிதர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரைச் சந்தேகப்பட்டால் பாவம்.

சனி சாயங்காலம் சமையலறை மேசையில் கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்தோம். மூன்று மணி நேரமும் அவள் ஓட்டியதுதான். எனக்கு உள்ளூரக் குஷி. தப்புக்காகக் காத்திருந்தேன். ஓரிடத்தில் ஒரு பெரிய காட்டுப் பல்லி சாலையைக் கடந்தது. அது கடந்து முடிக்கும்வரை காரை நிறுத்திக் காத்திருந்தாள். மூன்று மணி நேரத்தில் நடந்தது அவ்வளவுதான்.

"இப்ப உன்னுது பாக்கலாமா?" என்றாள்.

"என்னுது அழிஞ்சு போச்சே. கார்டு சின்னது பாரு."

"பூட்டுப் படம் போட்டு ஒண்ணு இருக்கே, அதைத் திற."

"அது என்ன?"

"கார் எதுலயாவது இடிச்சா அந்தத் துண்டை மட்டும் பூட்டி வெச்சுக்கும். அதை அழிக்காது. பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்துச்சே, படிக்கலையா?"

உள்ளே ஒன்பது துண்டுகள். எல்லாம் என் கைவண்ணம். நடைபாதை விளிம்பு. கடைத் தள்ளுவண்டி. மறுபடி அதே விளிம்பு. கடைசித் துண்டில் காரைப் பின்பக்கமாக எடுத்தபடி ஜன்னல் வழியே பேசிக்கொண்டிருக்கிறேன்.

"வெள்ளி, சனி அவ ஓட்டுவா, கால். என்னுது அத்தனையும் காணாமப் போயிடும்."

டமால்.

"யோவ், என் குப்பைத்தொட்டி!"

"விடுய்யா. ஸ்டீயரிங்கும் போச்சுன்னா அப்புறம் நான் யாரு? சாமான் மாதிரி உக்காந்திருக்கணும்."

அது என் குரல் என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. கிழவன் குரல், பயந்துபோன குரல். கிளெனிஸ் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தினாள்.

"பயமா இருக்கா, மெர்வ்?"

"இருக்கு."

"எனக்கும்தான். நீ ஓட்டும்போதெல்லாம்." தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். "அப்போ பதினெட்டு வருஷமா நான் சாமானா வந்தேனா?"

அத்தனை வருடமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு புழுதியில் நின்றவள், கார் கடந்து போகையில் எந்த முகத்தோடு நின்றாள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததே இல்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"நீயே ஓட்டு," என்றேன்.

"தொப்பி எடுத்துக்கோ. வெயில்ல இறங்கி ஏறணும்."

ஞாயிறு மத்தியானம் பண்ணைக்குள் நுழைந்தோம். ஒவ்வொரு கேட்டிலும் ஈக்கள் எனக்காகக் காத்திருந்தன. சங்கிலி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சிக்கிக்கொண்டது. கிளெனிஸ் ஜன்னலை ஏற்றிவிட்டு ரேடியோ கேட்டாள். ஏழாவது கேட்டையும் மூடிவிட்டு, அப்பாடா முடிந்தது என்று ஏறி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன்.

இன்னும் நாலு இருந்தன.