பின்பக்கத்து மண் பழுப்பு என்று முடிவான விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

நம் வீட்டுப் பின்பக்கத்தில் இருக்கும் மண்ணின் நிறம் பழுப்பு என்று மண் வகைப்பாட்டுக் குழு நேற்று மாலை ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது என்பதை உனக்குத் தெரிவிக்கும் பெரும்பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது. இங்கு அனைவரும் நலம், உன் அக்காவின் முழங்கால் நீங்கலாக. நீ பயிற்சிக்குப் போன இடத்தில் நலமாக இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த வேலையை இங்கே தொடங்கி வைத்துவிட்டு நடுவில் கிளம்பிப் போனவன் நலமாக இல்லாமல் வேறு எப்படி இருப்பான்.

நிறத்தை முடிவு செய்வது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. குழுத் தலைவர் ஒரு மண்கட்டியை ஈரப்படுத்தி, நிற அட்டைப் புத்தகத்தை அதன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துக் கடைசியில் கரும்பழுப்பு என்றார். ஆய்வகக்காரரும் கரும்பழுப்பு என்றார். வானிலை பார்க்கும் அம்மாளும், நிலத்தின் சரிவு பார்க்கிறவரும் அதையே சொன்னார்கள். அப்போது வியர்வை துடைப்பதற்காகத் தலைவர் தம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மண் உடனே பழுப்பாகிவிட்டது. மற்ற மூவருக்கும் அதே நொடியில் பழுப்பாகத் தெரிந்தது. அந்த மூவரில் யாருமே கண்ணாடி அணிந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்.

மண்ணைப் பார்ப்பதற்காக உங்கள் குழு பின்பக்கத்தில் தோண்டிய இந்தக் குழி எதற்காக வந்தது என்று நீ மறந்திருக்க மாட்டாய். உன் அக்காவால் படி ஏற முடியவில்லை. படுக்கையறை மாடியில் இருக்கிறது. காலையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறாள், ராத்திரி அதேபோல் ஏறுகிறாள். நடுவில் மூக்குக் கண்ணாடியை மாடியில் மறந்து வைத்துவிட்டால் அன்றைக்குச் செய்தித்தாள் கிடையாது. ஆகவே கீழே பின்பக்கத்தில் ஓர் அறை கட்டலாம் என்று முடிவு செய்து, செங்கல் வாங்கி அடுக்கி, கொத்தனாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். வீட்டில் வேறு காலியிடம் இல்லை. அந்தச் சமயம் பார்த்து நீ வந்தாய். வந்து, கூடத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, "ஒரு ஆள் இறங்குற அளவுக்குச் சின்னக் குழி, அத்தான். எங்க ஆளுங்க வருவாங்க, பார்ப்பாங்க, எழுதிப்பாங்க, போய்டுவாங்க. உங்களுக்கும் அஸ்திவாரம் தோண்டின மாதிரி ஆச்சு" என்றாய். உன் அக்கா அப்போதே என்னைப் பார்த்தாள். நான்தான் அந்தப் பார்வையைச் சரியாகப் படிக்கவில்லை.

உங்கள் ஆட்கள் வந்தார்கள். பார்த்தார்கள். எழுதிக்கொண்டார்கள். போகவில்லை.

குழியின் சுவரில் மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு, நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. ஆய்வகக்காரர் சின்னப் புட்டியிலிருந்து அதன்மேல் அமிலம் ஒரு சொட்டு விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. "நுரைக்குது சார்" என்றார். "நல்லா நுரைக்குதா?" என்று கேட்டார் மேலே நின்றிருந்த தலைவர். "பொங்குது சார்." இருவரும் கையைக் கட்டிக்கொண்டு அந்த நுரையையே பார்த்து நின்றார்கள். சிலர் கோயிலில் அப்படி நிற்பார்கள். எனக்கு மனது கேட்காமல், "அது சுண்ணாம்புதாங்க. வீடு கட்டினப்போ மிஞ்சின பூச்சுக் கலவையைக் கொத்தனார் அங்கதான் பள்ளம் வெட்டிக் கொட்டி மூடினாரு. நான் பக்கத்துலயே நின்னேன்" என்றேன். தலைவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "ஐயா, இந்த மாதிரி ஒரு அடுக்கு உருவாக ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும்" என்றார். "கொத்தனார் மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிட்டாருங்க" என்றேன். நான் சொன்னது அறிக்கையில் 'நில உரிமையாளரின் நம்பிக்கை' என்ற தலைப்பில் இடம்பெற்றிருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. அந்த வெள்ளைப் பட்டையை வெட்டி எடுத்தபோது அதன் நடுவிலிருந்தே கொத்தனாரின் உடைந்த பூச்சுக் கரண்டி வந்தது. இனி விவகாரம் தீர்ந்தது என்று நான் நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். மண்ணை ஆராய்வதற்குமுன் சலிக்க வேண்டுமாம். சல்லடையில் விழுவதுதான் மண். நிற்பது மண் இல்லை, அதற்கு மண்ணைப் பற்றிப் பேசும் உரிமையும் இல்லை. இது அவர்களுடைய சட்டம். அலுவலகச் சல்லடையை யாரோ கொண்டுபோய்த் திரும்பத் தராததால் உன் அக்காவின் மாவுச் சல்லடையை வாங்கிச் சலித்தார்கள். மண் விழுந்தது. கரண்டி நின்றது. தூக்கிப் போட்டுவிட்டார்கள். சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது உன் அக்கா, "வேணாம், நீங்களே வச்சுக்குங்க. அதுல இனிமே மாவு சலிச்சா அதுக்கும் ஒரு அறிக்கை எழுதுவீங்க" என்றாள்.

சலித்த மண்ணைக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரோடு கலக்கி, மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்று நூற்றுக்குக் கணக்குப் போட்டு ஆய்வகக்காரர் எனக்கும் ஒரு நகல் தந்தார். மூன்றையும் கூட்டிப் பார்த்தேன். நூறைத் தாண்டியது. "என்னங்க, நூத்துக்கு மேல போகுதே" என்றேன். "வளமான மண் சார்" என்றார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

அடுத்தது வானிலை. எந்த மண்ணும் அதன்மேல் பெய்யும் மழையால்தான் உருவாகிறது என்பதால் நம் பின்பக்கத்துக்கு எவ்வளவு மழை என்று பார்த்தார்கள். அந்தக் கணக்கின்படி போன கோடையில் நமக்குக் கிட்டத்தட்ட தினமும் கனமழை. போன கோடையில் நம் தெருவே பிளாஸ்டிக் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது உனக்குத் தெரியும். நீயும் ஒரு குடத்தோடு நின்றாய். சரி, இந்த மழை எங்கேதான் பெய்கிறது என்று பார்த்துவிடலாமென உங்கள் அலுவலகத்துக்கே போனேன். மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்கள். மழைமானி தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில், தொட்டி நிரம்பினால் வழியும் குழாய்க்கு நேர் கீழே, அளந்து வைத்த மாதிரி இருக்கிறது. மோட்டாரைப் போட்டுவிட்டுக் காவலாளி கண்ணயரும் நாளெல்லாம் நமக்குக் கனமழை. "அம்மா, இது தொட்டி வழியற தண்ணிங்க" என்று வானிலை அம்மாளிடம் காட்டினேன். "மேலேருந்து விழுது, மழைமானியில விழுது. இதுக்கு நான் வேற என்ன பேர் சார் எழுதுவேன்?" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்பகுதியில் மழை பெய்வதே இல்லை என்பதைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். அதைப் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்துக் கேடயம் வாங்கியிருக்கிறார். கேடயம் அவர் மேசைமேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் விடுமுறை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவதாக நிலத்தின் அமைப்பு. நம் பின்பக்கம் கேரம் பலகை மாதிரி மட்டம். சரிவு பார்க்கிறவர் தம் கருவியை ஊன்றுவதற்கு வாகான இடம் தேடி, குழியிலிருந்து அள்ளிப் போட்ட மண்குவியலின்மேல் ஏறிக்கொண்டார். அங்கிருந்து நாலாபக்கமும் பார்த்தால் நாலாபக்கமும் சரிவாகத்தானே இருக்கும். 'குன்றின் உச்சி' என்று எழுதிக்கொண்டார். "இது உங்க ஆளுங்க முந்தாநாள் அள்ளிப் போட்டதுங்க" என்றேன். "எப்ப உருவாச்சுங்கிறது என் துறை இல்ல சார். இருக்கா இல்லையாங்கிறதுதான் என் துறை" என்றார். இருக்கிறது. மறுப்பதற்கில்லை.

இப்போது இந்த மூன்றையும் தலைவர் எப்படிச் சேர்த்தார் என்பதைக் கேள். கனமழை பெய்தால் சுண்ணாம்பு கரைந்து போய்விடும். குன்றின் உச்சியில் என்றால் இன்னும் சீக்கிரம் போய்விடும். ஆனால் இங்கே தினமும் கனமழை, இடமோ குன்றின் உச்சி, இருந்தும் சுண்ணாம்பு பட்டையாக உட்கார்ந்திருக்கிறது. நம் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் எனக்கு விளக்கிவிட்டு, "இது உலகத்துலயே எங்கயும் இருக்க முடியாத மண் சார்" என்றார். "அப்போ கணக்குல எங்கயோ தப்புன்னுதானே அர்த்தம்?" என்றேன். "இல்ல சார், புது மண்ணுன்னு அர்த்தம்" என்றார். புதிய மண் வகை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அது முதலில் கிடைத்த குழியை மூடக் கூடாதாம். அதைச் சுற்றி எதுவும் கட்டவும் கூடாதாம். பின்னால் யாருக்காவது சந்தேகம் வந்தால் வந்து பார்க்க வேண்டுமாம். எனக்கு இப்போதே வந்திருக்கிறது, என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அறையைப் பற்றி உன் அக்காவே நேரில் கேட்டாள். பின்வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏங்க, மூட மாட்டீங்கன்னா அந்தக் குழிக்குள்ளயே எனக்கு ஒரு ரூம் கட்டிக் கொடுத்துடுங்களேன். ஏறுறதுக்கு இறங்குறது பரவாயில்ல" என்றாள். இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. தலைவர் தலையை ஆட்டி, அதனால் மண்ணுக்குப் பாதிப்பு உண்டா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைப்பதாகச் சொன்னார். உன் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து, "என் தம்பி இவங்களோடதான் தினமும் வேலை பார்க்கிறானா?" என்று கேட்டாள். அவள் குரலில் முதல் தடவையாக உன்மேல் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். நீயும் இந்தக் குழுவில் உறுப்பினன். உன் கையெழுத்து இல்லாமல் அறிக்கை மேலே போகாது என்று தலைவரே சொன்னார். போடாதே. அறிக்கை உன்னிடம் வந்தால், சுண்ணாம்பு கொத்தனாருடையது, மழை தொட்டியுடையது, குன்று குழியுடையது என்று உள்ளதை எழுதித் திருப்பி அனுப்பு. குழியை மூடிவிடுவார்கள். மறுநாளே கொத்தனாரை வரச் சொல்கிறேன். வேலைக்குப் போன இடத்தில் ஒருவன் ஒரு தடவையாவது உண்மையை எழுதிவிட வேண்டும். அது உன் அக்காவின் முழங்காலுக்காக அமைவது உன் பாக்கியம் என்று வைத்துக்கொள். விஞ்ஞானத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு குன்றைக் கண்டுபிடிக்கிறவர்கள்மேல்தான்.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த ஆரோக்கியத்தோடும் இருந்து, சீக்கிரமே பதவி உயர்வு பெற்று, மண்ணோடு சம்பந்தமில்லாத ஏதாவது ஒரு துறைக்கு மாற்றலாகிப் போகும்படி மனமார ஆசீர்வதிக்கிறேன். உன் அக்கா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னாள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: குழியின் சுவரை அப்படியே பெயர்த்துப் பலகையில் ஒட்டிக் காட்சிக்கு வைப்பதற்காக வீட்டிலிருந்த பசை முழுவதையும் குழு வாங்கிப் போய்விட்டதால், இந்தக் கடிதம் உறை ஒட்டாமல் ஒரு வாரமாக மேசைமேல் கிடந்தது. அதுவும் நல்லதற்குத்தான். இதற்கிடையில் தலைவர் வீட்டுக்கு வந்திருந்தார். புதிய மண்ணுக்கு ஊர்ப் பெயரை வைப்பதுதான் வழக்கமாம்; ஆனால் நம் ஊர்ப் பெயரைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கிடைத்த வேறொரு மண்ணுக்கு ஏற்கெனவே வைத்துவிட்டார்களாம். அதனால் நில உரிமையாளரின் பெயர். அதாவது என் பெயர். "இனிமே உலகத்துல எந்த மூலையில இந்த மண்ணு கிடைச்சாலும் உங்க பேரைத்தான் சொல்லணும் சார்" என்றார். மிகவும் விஷயம் தெரிந்த மனிதர். மேலே நான் எழுதியிருப்பவை சற்று அவசரத்தில் எழுதப்பட்டவை. யோசித்துப் பார்த்தால், அவ்வளவு பெரிய வெள்ளைப் பட்டையை ஒரே கொத்தனார் மத்தியானத்துக்குள் கொட்டியிருக்க முடியுமா என்பது சந்தேகம். அவரையே கேட்டேன், நினைவில்லை என்கிறார். கரண்டி எவருடையது என்பதற்கும் ஆதாரமில்லை. தொட்டித் தண்ணீரும் ஒரு காலத்தில் மழையாக விழுந்ததுதான். குவியலின்மேல் இப்போது புல் முளைத்திருக்கிறது, நேற்று ஏறிப் பார்த்தேன், மூச்சு வாங்கியது. நிறம் ஒன்றில்தான் எனக்கு மாற்றுக் கருத்து; என் பெயருக்குப் பக்கத்தில் கரும்பழுப்பு என்று இருந்தால் எடுப்பாக இருக்குமென்று தலைவருக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே முந்தைய பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, அறிக்கை வந்த அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பு. வெளியூரிலிருந்து பெரிய பெரிய அறிஞர்கள் வந்து பார்ப்பார்களாம். அவர்கள் சிரமமில்லாமல் குழிக்குள் இறங்குவதற்குக் கொத்தனாரைக் கூப்பிட்டு, தாழ்வான படிகளாகக் கைப்பிடியோடு கட்டியாயிற்று. அறைக்கு வாங்கி வைத்திருந்த செங்கல் அதற்குச் சரியாக இருந்தது. உன் அக்கா மாடியில் இருக்கிறாள்.