ஹவாய் அண்ணையும் அருவிப் பல்லியும்

அருவியைக் கண்டதும் குதிக்கிறவர்கள் உண்டு. படம் பிடிக்கிறவர்கள் உண்டு. அருவிக்கு முன்னால் கைகட்டி நின்று, தன் பெயர், தகப்பன் பெயர், அப்பப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் ஒப்புவித்து, "உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டு, அருவி இன்றைக்கு வேண்டாம் என்றுவிட்டது என்று சொல்லி, வந்த கூட்டம் முழுவதையும் காய்ந்த தலையோடு திருப்பிக் கூட்டிவந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் இத்தாலியில், பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோப் பகுதியில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். ஞானஸ்நானத்தில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது. எங்கள் எல்லோருக்கும் அவர் ஹவாய் அண்ணை.

ஹவாய் என்றதும் பூப்போட்ட சட்டையை நினைத்தீர்கள் என்றால் ஏமாந்தீர்கள். நானும் ஏமாந்தேன். முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருக்கும். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறபோது கோட்டுக்குப் போகிற வக்கீல் மாதிரி வருவார்.

அவருடைய கதையை நான் பல முறை கேட்டிருக்கிறேன். பல முறையும் குழம்பியிருக்கிறேன். முந்தி ஒரு கப்பலில் சலவைப் பகுதியில் வேலை செய்தாராம். கப்பல் பழுதாகி ஹவாய்த் தீவில் ஒரு துறைமுகத்தில் நின்றுவிட்டதாம். எவ்வளவு காலம் என்று கேட்டால் ஒரு நாள் ஒரு கிழமை என்பார், இன்னொரு நாள் ஒரு மாரி முழுக்க என்பார். அந்த இடைவெளியில் அந்த ஊர்க்காரி ஒரு பெண் கப்பல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்து ஓர் அருவியைக் காட்டினாராம். அவரை "அந்த அம்மா" என்றுதான் சொல்லுவார். அந்த அம்மா சொன்னதெல்லாம் இவருக்கு வேதவாக்கு.

"அங்கை காட்டுக்குள்ளை சும்மா போகேலாது. நாங்கள் ஆர், எங்கையிருந்து வாறம் எண்டு முதல் சொல்ல வேணும். ஒரு கல்லுக்கூட எடுக்கக் கூடாது. கத்தக் கூடாது. தண்ணிக்குள்ளை காவலுக்கு ஒரு ஆள் இருக்குது."

"என்ன ஆள் அண்ணை?"

"பல்லி மாதிரி. ஆனால் பெரிசு. பொம்பிளை."

இதற்கு மேல் விளக்கம் கிடையாது. குளத்தில் ஓர் இலையை மடித்து விடுவாராம் அந்த அம்மா. இலை மிதந்தால் பல்லி வெளியே போயிருக்கிறாள், நீந்தலாம். இலை தாழ்ந்தால் பல்லி வீட்டில் நிற்கிறாள், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நாங்களோ வேதக்காரர். பல்லி சொல்லுவதைக் கேட்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை. கோயில் சுவாமியாரிடம் போய், இது பாவமா என்று கேட்டோம். அவர், நடந்தால் உடம்புக்கு நல்லது என்று மட்டும் சொன்னார். அதைவிடக் குழப்பமான பதிலை நான் கேட்டதில்லை.

பலெர்மோவிலிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால் மலைக்குள் ஓர் அருவி இருக்கிறது. வெயில் காலத்தில் நூலாகிவிடும். மழை பெய்து ஓய்ந்த வசந்தத்தில் நல்ல சத்தத்தோடு கொட்டும், கீழே பச்சை நிறத்தில் ஆழமான குளம். அங்கேதான் ஹவாய் அண்ணை எங்களை வான் பிடித்துக் கூட்டிப்போனார். மாதாவைப் பாடிக்கொண்டு போன கூட்டத்தை அருவிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார்.

"இப்ப ஒவ்வொருத்தரா உங்கடை பேரைச் சொல்லுங்கோ. தாய் தேப்பன்ரை பேரையும் சொல்லுங்கோ."

"ஆருக்கு?"

"தண்ணிக்கு."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. "இதென்ன கலியாணம் பேச வந்தமோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "குவெஸ்தூராவிலைகூட அப்பப்பான்ரை பேர் கேக்கேல்லை" என்று இன்னொரு குரல். அந்தப் பொலிஸ் கந்தோர் வாசலில் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க விடிகாலையில் வரிசையில் நின்று களைத்த சனம், ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மலையிடம் போய் அனுமதி கேட்பதா என்று முணுமுணுத்தது. ஆனாலும் சொன்னார்கள். எங்களோடு வந்த மொரிசியஸ்காரப் பெண் தேவிதான் திணறினாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். தன் ஆட்கள் எந்த ஊரென்று தெரியாது, கப்பலில் வந்தார்கள் என்பது மட்டும் தெரியும் என்றாள்.

"அதையே சொல்லு பிள்ளை. அது காணும்" என்றார் ஹவாய் அண்ணை.

எல்லோரையும்விட நீளமாகச் சொன்னவர் என் வீட்டுக்காரர் சூசை. மன்னார்க் கடற்கரையில் பிறந்த வம்சம், தகப்பன் சுழியோடி, தான் நடக்கப் பழகமுன் நீந்தப் பழகினவன் என்று அருவி களைத்துப்போகும் வரைக்கும் சொன்னார். "குளத்திலை முதல் குதிக்கிறது நான்தான்" என்றும் சேர்த்துக்கொண்டார். வாய்க்கு என்ன வாடகையா? ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்கு நாங்கள் எத்தனையோ முறை போயிருக்கிறோம். "உதென்ன கடல், சட்டியிலை தண்ணி விட்ட மாதிரி" என்று சொல்லிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குந்தியிருக்கிற மனிதர் இவர்.

ஹவாய் அண்ணை குளக்கரையில் முழங்காலில் இருந்தார். ஹவாயில் அதற்கென்றே ஒரு நீண்ட இலை உண்டாம். இங்கே அது இல்லாததால் கரையில் நின்ற அத்தி மரத்திடம் கேட்டு ஓர் இலை பறித்தார். வெற்றிலை மாதிரி மடித்துக் காம்பால் குத்தித் தண்ணீரில் விட்டார். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். இலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தாழ்ந்தது.

"பல்லி நிக்குது. வாங்கோ போவம்."

கரையில் இருந்து சோத்துப் பாசலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அடுத்த முறையும் போனோம், அடுத்த முறையும் பல்லி வீட்டிலேயே நின்றாள். "உவள் ஒரு இடமும் போறேல்லையோ?" என்று கேட்காத ஆள் இல்லை. எல்லோரிலும் கூடச் சத்தம் போட்டவர் எங்கள் வீட்டுச் சுழியோடி மகன்தான். "நீந்த வந்த மனுசனை இலையைக் காட்டித் திருப்பி அனுப்புறீர் காணும்" என்று வான் முழுக்கக் கேட்கக் கத்தினார். ஹவாய் அண்ணை யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஓம், ஓம்" என்றார். இவ்வளவு கத்துகிறவர் அடுத்த பயணத்துக்கு ஏன் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறார் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு வேலை பார்த்தேன். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு சின்னச் சுற்றுலா அலுவலகத்தை நான் துப்புரவு செய்கிறேன். அங்கே முதலாளியம்மாவான சினியோராவிடம் பேச்சுவாக்கில் ஹவாய் அண்ணையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவ நாற்காலியை விட்டு எழும்பிவிட்டா. சிசிலியில் ஹவாய் முறையில் அருவி நடை, நீச்சல். இப்படி ஒன்றை யாரும் செய்யவில்லை என்றா. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், எல்லோரும் குளத்தில் நீந்துகிற காணொளி ஒன்று நன்றாக வந்தால் அவரையே வழிகாட்டியாக நிரந்தர வேலைக்கு எடுப்பதாகவும் சொன்னா.

ஹவாய் அண்ணையிடம் சொன்னபோது அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைகள் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. "தங்கச்சி, சட்டி கழுவாமல் நடந்து சீவிக்கலாம் எண்டு சொல்லுறீரோ?" என்றார்.

"ஓம் அண்ணை. அண்டைக்கு மட்டும் அந்தப் பல்லியை எங்கையாவது அனுப்பிவிடுங்கோ."

அவர் சிரித்தார். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

அந்த ஞாயிறும் வந்தது. சினியோரா பூமாலை கொண்டுவந்திருந்தா, ஹவாய் ஆட்டம் எப்போது தொடங்கும் என்று கேட்டா. "ஆட்டம் இல்லை சினியோரா. முதல் உங்கடை பேர்" என்று ஹவாய் அண்ணை இத்தாலியனில் சொன்னார். அவ முதலில் சிரித்தா. பிறகு தன் தாய் பெயர், தாயின் தாய் பெயர் என்று சொல்லத் தொடங்கி, நடுவில் கைக்குட்டையை எடுத்துவிட்டா. எனக்கு ஒரே சந்தோசம். வேலை கிடைத்த மாதிரித்தான் என்று தேவியின் கையைக் கிள்ளினேன்.

பிறகு சினியோரா கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நல்ல நீச்சல்காரர் யார், அவர் அந்தப் பாறையிலிருந்து முதலில் குதிக்கட்டும் என்றா. சனம் முழுக்க ஒரே குரலில், "சூசையண்ணை" என்றது. சும்மாவா, இவ்வளவு நாளும் அந்த மனிதர் சொன்னதுதானே.

நான் ஹவாய் அண்ணைக்குப் பின்னால் நின்றேன். அவர் அத்தி இலையைப் பறித்தார். குனிந்தார். இலையை மடிக்கமுன் ஒரு தரம் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.

என் மனிதர் பாறையில் நிற்கிறார். வாய் சிரிக்கிறது, ஏதோ பகிடி விடுகிறது. ஒரு கை பாறையில் முளைத்திருந்த செடியைப் பிடித்திருக்கிறது. அந்தக் கை நடுங்குகிறது, கையோடு சேர்ந்து செடி முழுக்க நடுங்குகிறது. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன ஒரு படகில் அவரும் அவருடைய தம்பியும் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. கரைக்கு வந்தவர் இவர் மட்டும்தான். அதைப் பற்றி இவர் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. கடலை இவர் சட்டித் தண்ணீர் என்று சொல்லும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். இவரைக் கூப்பிட்டால் குதித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு சனத்துக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்லமாட்டார். குதித்தால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும்.

திரும்பவும் ஹவாய் அண்ணையைப் பார்த்தேன். அவருடைய பெருவிரல் ஒரு சின்னக் கல்லைத் தட்டி இலைக்குள் தள்ளியது. இலையை மடித்தார், காம்பால் குத்தினார், தண்ணீரில் விட்டார். இலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தாழ்ந்தது.

"பல்லி நிக்குது" என்றார். "இண்டைக்கு ஒருத்தரும் இறங்கேலாது."

சினியோரா நம்பவில்லை. ஒருவராவது, ஒரு நிமிடமாவது என்று கெஞ்சினா. தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்றா. ஹவாய் அண்ணை இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். அவ மாலைகளைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு, பார்ப்போம் என்றா. இத்தாலிக்காரர் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று வீடு துடைக்கிற எங்களுக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு அவ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பாறையிலிருந்து முதல் ஆளாக இறங்கி வந்து கத்தியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. "இலைக்குப் பயந்த மனுசன். தேடி வந்த வேலையைப் பல்லிக்குக் குடுத்திட்டார்" என்று வழி முழுக்கப் பொரிந்தார். ஹவாய் அண்ணை, "ஓம், ஓம்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நாளே பேருந்து ஏறி ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனேன். கடைக்குப் பின்புறம் மட்டிச் சட்டி ஒன்றுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இலைக்குள்ளை நீங்கள் கல்லு வைச்சதை நான் கண்டனான்."

"நான் அங்கையிருந்து ஒரு கல்லும் எடுக்கேல்லைத் தங்கச்சி. அங்கை கிடந்த கல்லு அங்கைதான் கிடக்குது."

"முதலும் அப்பிடித்தானோ? ஒவ்வொரு முறையும்?"

அவர் சட்டியைத் தேய்த்தார்.

"இதுக்காக வந்த ஒரு வேலையையும் விட்டிட்டீங்களே அண்ணை. உந்த மனுசன் உங்களைப் பேசின பேச்சென்ன."

"பேசட்டும். பேசேக்கை அவருக்குக் கை நடுங்கிறேல்லை."

நான் அந்தச் சட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த அம்மாவோ இந்த வித்தையைப் படிப்பிச்சவ?" என்று கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "கப்பல் பெடியங்கள் எல்லாரும் குதிக்க ஆயத்தமா நிக்கிறாங்கள். எனக்குக் கால் ரண்டும் நடுங்குது. அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்திட்டு இலையை விட்டா. இலை தாண்டு போச்சு. அவ கல்லு வைச்சவவோ, உண்மையிலேயே பல்லி நிண்டதோ, எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

"அப்ப நீங்கள் அந்த அருவியிலை நீந்தவே இல்லையோ?"

"எங்கை நீந்தினது? நான் நீந்தினனான் எண்டு எப்ப சொன்னனான்?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் சொன்னதில்லை. பலெர்மோத் தமிழ்ச் சனம் முழுக்க, ஹவாய் அருவியில் கால்கூட நனைக்காத மனிதருக்குப் பின்னால் இவ்வளவு காலமும் மலை ஏறியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பாடு. ஹவாய் அண்ணையும் வந்திருந்தார், பொத்தான் எல்லாம் பூட்டி. என் வீட்டுக்காரர் முதல் கவளத்தோடேயே தொடங்கிவிட்டார்: இலை, பல்லி, போன வேலை. ஒரு வார்த்தையில் அவருடைய வாயை அடைத்திருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹவாய் அண்ணை என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினார். திறந்த வாயை மூடிக்கொண்டு குழம்புச் சட்டிக்குள் அகப்பையை விட்டேன். வீட்டுக்காரருக்கென்று எப்போதும் ஒதுக்கி வைக்கிற பெரிய மீன் தலையை எடுத்து ஹவாய் அண்ணையின் சோற்றுக் கோப்பையில் வைத்தேன்.

வீட்டுக்காரர் கதையை நிறுத்திவிட்டு அந்தக் கோப்பையையே பார்த்தார். "என்னப்பா, அவருக்கேன் தலை?"

"பல்லி சொன்னது" என்றேன்.