பெட்ரோல் சம்பந்தியும் டீசல் சம்பந்தியும்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். என் இடுப்பு மட்டும் சௌக்கியமில்லை, காரணம் போகப் போகத் தெரியும். அங்கே நீங்களும் எங்கள் பெண்ணும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, அவள்தான் எங்களோடு பேசுவதில்லையே. இதையெல்லாம் ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு ஆளுக்கொரு வேலை பார்க்கும் பழக்கம் இருக்கிறது. உங்கள் அப்பாவும் பக்கத்துத் தெருவிலிருந்து எந்த நேரமும் வந்து போகிறவர். இந்த விஷயம் அவர் காதுக்குப் போகவே கூடாது. ஆகையால் கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

புது வண்டி வாங்குவது என்று முடிவானதும், "மாமா, பெட்ரோலா டீசலா?" என்று என்னைக் கேட்டீர்கள். பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் அதே நாள் அதே கேள்வியை உங்கள் அப்பாவிடமும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே வயிற்றுவலிக்கு இரண்டு டாக்டரிடம் போனால் என்ன ஆகும் என்று தெரியாதா உங்களுக்கு? நான் பதினோரு வருஷமாக டீசல் ஓட்டுகிறவன், டீசல் என்றேன். அவர் பெட்ரோல் வண்டிக்காரர், பெட்ரோல் என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "நெடுஞ்சாலையில டீசலுக்கு ஈடு உண்டா?" என்று நான் கேட்க, "டவுனுக்குள்ள ஓட்டற பிள்ளைங்களுக்கு நெடுஞ்சாலை எதுக்கு சம்பந்தி?" என்று அவர் கேட்க, "உங்க வண்டி மேட்டைப் பார்த்தாலே மூச்சு வாங்குதே" என்று நான் சொல்ல, "உங்க வண்டி வர்றது ரெண்டு தெரு முன்னாடியே கேக்குதே" என்று அவர் சொல்ல, சம்பந்திகள் பேசக் கூடாததையெல்லாம் பேசி முடித்தோம். நடுவில் மாட்டியவள் எங்கள் பெண். மாமனார் பக்கம் பேசினால் அப்பாவுக்குக் கோபம், அப்பா பக்கம் பேசினால் ஒரே ஊரில் இருக்கிற மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது? "ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் வண்டியும் வேண்டாம், நான் அங்க வரவும் வேண்டாம்" என்று ஃபோனை வைத்தாள். வைத்தவள் வைத்தவள்தான். அந்தப் பிடிவாதம் அவள் அம்மா வழி.

உங்கள் அப்பா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர், எந்த வழக்கையும் ஓட விட்டுத்தான் தீர்ப்பார். "கம்பெனிக்காரன் காகிதத்துல போடற மைலேஜ் கிடக்கட்டும் சம்பந்தி. ரெண்டு வண்டியையும் ஒரே ரோட்ல ஓட விட்டுப் பார்த்துடலாம்" என்றார். நானோ தண்ணீர் மீட்டர் ஆய்வாளராக இருந்தே தலை நரைத்தவன், அளந்து பார்க்காத எதையும் நம்பாதவன். சரி என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் அவரும் சம்பந்தி அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். ஞாயிறு காலை எங்கள் தெருமுனை பெட்ரோல் பங்க்கில் இரண்டு டாங்கையும் நிரப்புவது, நூறு கிலோமீட்டர் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது, அதே பங்க்கில் மறுபடியும் நிரப்புவது, எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் செலவு. ஏசி கிடையாது. சின்னக் குழந்தைக்கும் புரிகிற ஏற்பாடு. பெரியவர்கள் நடத்தியதால்தான் கெட்டது.

முதலில் டாங்க். பம்ப் 'டக்' என்று நின்றதும் போதும் என்றேன் நான். உள்ளே காற்று இருக்கும், வண்டியைக் குலுக்கினால் இன்னும் இறங்கும் என்றார் உங்கள் அப்பா. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். பங்க்காரர் ஓடி வந்து, "ஸ்டார்ட் ஆகலையா சார், தள்ளணுமா?" என்று கேட்டார். என் இடுப்பு போனது அப்போதுதான். அடுத்து எடை. பெண்கள் இருவரும் பேசிக்கொண்டு வர வேண்டும், ஆகவே ஒரே வண்டியில்தான் உட்காருவோம் என்றார்கள். போகும்போது உங்கள் அப்பா வண்டி, வரும்போது என் வண்டி என்று முடிவாயிற்று. அப்படியானால் ஆள் இல்லாத வண்டியில் அதே எடை இருக்க வேண்டாமா? இருபது லிட்டர் தண்ணீர் கேன் என்றால் இருபது கிலோ, இது என் தொழில். நான் பாட்டுக்கு எட்டு கேன் ஏற்றினேன். உங்கள் அத்தை இறங்கி வந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். "எட்டா? ஆளுக்கு நாலா? நான் எண்பது கிலோவா?" என்றாள். சம்பந்தி அம்மாதான் பெருந்தன்மையாக, "எனக்கு மூணு போதும் அண்ணா, மிச்சத்தை உங்க இஷ்டப்படி வெச்சுக்கங்க" என்றார். அதில் நிலைமை இன்னும் மோசமானது. கடைசியில் ஆறு கேன். அது பொய்க் கணக்கு, ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமே.

அதற்குப் பிறகும் கிளம்பவில்லை. ஓடுவதற்கு முன் உடம்பைச் சூடாக்க வேண்டும் என்று உங்கள் அப்பா இன்ஜினை நின்ற இடத்திலேயே ஓட விட்டார். நல்ல பெட்ரோல் வீணாகிறதே என்று எனக்கு அடித்துக்கொண்டது. அப்புறம் விசில் ஊதினார். ஊதினாரே தவிர, நகரவில்லை. "நீங்க முன்னால போங்க சம்பந்தி" என்றார். பிள்ளையைப் பெற்றவரைப் பின்னால் விட்டுவிட்டு நான் முன்னால் போகலாமா? "நீங்க போங்க" என்றேன். "அட, நீங்க வயசுல மூத்தவங்க" என்றார். "நீங்க விருந்தாளி" என்றேன். இரண்டு இன்ஜினும் உறுமிக்கொண்டு நிற்க, பின்னால் பால் வண்டி, ஸ்கூட்டர், ஒரு ஆம்புலன்ஸ் வேறு. நெடுஞ்சாலையிலும் இதே கதைதான். நான் அவரை முன்னால் விட வேகம் குறைக்க, அவர் என்னை முன்னால் விட வேகம் குறைக்க, இரண்டு பேரும் மாட்டுவண்டி வேகத்தில் போனோம். ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "ரெண்டு பேரும் எதையாவது தொலைச்சுட்டுத் தேடறீங்களா?" என்று கத்திவிட்டுப் போனார். நடுவில் உங்கள் அப்பா வண்டியில் பெண்கள் வெக்கை தாங்காமல் ஏசி போட்டுவிட்டார்கள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று நானும் போட்டேன். என் வண்டியில் யார் இருந்தார்கள்? ஆறு தண்ணீர் கேன். அவை குளுகுளுவென்று வந்தன.

வழியில் ஒரு பங்க்கை ஒட்டியிருந்த கடையில் காபிக்கு நிறுத்தினோம். "உங்க கண்ணாடியெல்லாம் பூச்சியா அடிச்சிருக்கு, சாவியைக் குடுங்க, துடைக்கச் சொல்றேன்" என்று உங்கள் அப்பா என் வண்டியை எடுத்துப் போனார். திரும்பி வர நேரமானது, காபி ஆறிவிட்டது. ஆனால் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஆயிரம் சொன்னாலும் நல்ல மனுஷர். அதற்குப் பிறகு என் வண்டி ஓடிய ஓட்டத்தைச் சொல்ல வேண்டும் மாப்பிள்ளை. எண்ணெய் முள் இறங்கவே மறுத்தது. சொல்லப்போனால் கொஞ்சம் ஏறின மாதிரிகூட இருந்தது. சாலை சரிவாக இருந்ததால் அப்படித் தெரிந்திருக்கும். பராமரிப்பு என்பது சும்மாவா?

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன். மதியம் சாப்பாடானதும் உங்கள் அப்பா ஹோட்டல் சோபாவிலேயே கண்ணயர்ந்தார். சாவி மேஜைமேல் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நம் வீட்டுக்கு வந்த சம்பந்தி, நம் பெண்ணுக்காக அலைகிற மனுஷர், சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு அலைய விடலாமா? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்? "வெயில்ல நிக்குது, நிழல்ல விட்டுட்டு வரேன்" என்று சம்பந்தி அம்மாவிடம் சொல்லிவிட்டு, எதிரில் இருந்த பங்க்கில் நாலு லிட்டர் போட்டேன். "பெட்ரோல், பெட்ரோல்" என்று இரண்டு தடவை சொல்லித்தான் போடச் சொன்னேன், என் கைக்கு டீசல் பழக்கமாயிற்றே. அளவு கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மீட்டர் பார்த்தவனைப் பெண்ணைப் பெற்றவன் ஜெயித்துவிட்டான். எவ்வளவு போட்டேன் என்று மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டேன், அது போதும் கணக்கைச் சரி செய்ய.

திரும்பும்போது கேன்கள் உங்கள் அப்பா வண்டிக்கு மாறின. ஒரு வளைவில் ஒரு கேன் சாய்ந்து மூடி கழன்று, பின் சீட்டு குளமாகிவிட்டது. எடை குறைந்துவிட்டதே என்று நான் கவலைப்பட்டேன், அவர் சீட்டைப் பற்றிக் கவலைப்பட்டார். என் வண்டியிலோ உங்கள் அத்தை வழி நெடுக சம்பந்தி அம்மாவோடு மட்டும்தான் பேசினாள். எண்பது கிலோவை இன்னும் மறக்கவில்லை. தெருமுனை பங்க்குக்கு வந்து நிரப்பினால், இருநூறு கிலோமீட்டருக்கு என் டீசல் ஏழே லிட்டர்! லிட்டருக்கு இருபத்தெட்டரை! கம்பெனிக்காரனே இருபத்தஞ்சுதான் சொல்கிறான். அவர் பெட்ரோல் எட்டரை லிட்டர், அதாவது இருபத்து மூன்றரை. உங்கள் அப்பா அங்கேயே விசில் ஊதினார். "வித்தியாசம் அஞ்சு கிலோமீட்டர்தானே சம்பந்தி? பெட்ரோல் வண்டி விலையும் கம்மி, சர்வீஸும் கம்மி. இந்த அஞ்சு கிலோமீட்டருக்காக அவ்வளவு கூடக் குடுத்து டீசல் வாங்குவாங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள்கூட அவர் சொல்வதுதான் சரி என்றார்கள். நான் வாயைத் திறந்தால் செய்த மரியாதை கெட்டது, திறக்காவிட்டால் டீசல் கெட்டது. என் டீசலுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஆகவே உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எட்டரையோடு என் நாலைச் சேருங்கள், பன்னிரண்டரை. உங்கள் அப்பாவின் பெட்ரோல் வண்டி நிஜத்தில் கொடுப்பது லிட்டருக்குப் பதினாறு. என் டீசல் இருபத்தெட்டரை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் ஷோரூமில் பதில் சொல்ல வேண்டும் என்றீர்களே, டீசல் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டீசல் வண்டிக்குக் கூடக் கொடுக்கிற காசு நிறைய ஓட்டினால்தான் திரும்பி வரும். ஆபீசுக்கும் கடைக்கும் உங்கள் அப்பா வீட்டுக்கும் போய் வந்தால் ஜென்மத்துக்கும் வராது, அதற்கு அவர் சொல்கிற பெட்ரோல்தான் சரி. வாரா வாரம் நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓட்டி எங்கள் வீட்டுக்கு வந்து போனால்தான் டீசல் லாபம். அதனால்தான் நான் டீசல் என்கிறேன். அவர் ஏன் பெட்ரோல் என்கிறார் என்பதும் எனக்குத் தெரியும், நீங்கள் இருவரும் அவர் கண் எதிரிலேயே இருக்க வேண்டும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எங்களுக்கு இருப்பது ஒரே பெண். அவள் அறையைத் தினமும் பெருக்கிவிட்டு அத்தை கதவைச் சாத்துகிறாள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

சம்பந்திக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும், கடிதம் வந்ததைச் சொல்ல வேண்டாம். எங்கள் பெண்ணுக்கு ஆயிரம் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், வண்டி பஞ்சர் ஆகாமல், பல்லாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் சம்பந்தி அம்மா ஃபோன் செய்தார். பேச்சோடு பேச்சாக அத்தையிடம், "அண்ணா நமக்காக வண்டி எடுத்துட்டு அலையறார், அவரைச் செலவு பண்ண விடலாமான்னு சொல்லி, காபி குடிச்ச எடத்துல இவர்தான் டீசல் போட்டார்" என்று சொல்லிவிட்டார். கண்ணாடி துடைத்த லட்சணம் இப்போது புரிகிறது. எவ்வளவு போட்டார் என்று தெரிந்தால் கணக்கைச் சரி செய்துவிடலாம். ஆனால் சம்பந்தியிடம் அதை எப்படிக் கேட்பது? திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார். ஃபோனை வாங்கிச் சுற்றி வளைத்து, "கண்ணாடி துடைக்க எவ்வளவு ஆச்சு சம்பந்தி?" என்றேன். "அதெல்லாம் பேசாதீங்க" என்றார். அப்புறம், "அது சரி, என் வண்டியை நிழல்ல விட்டீங்களாமே. அங்க ஒரு மரம்கூட இல்லையே சம்பந்தி" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான்.

ஆக, என் வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று எனக்குத் தெரியாது. மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வராமல் அனுப்புகிறேன். பெட்ரோலோ டீசலோ, எங்கள் பெண்ணுக்கு எந்த நிறம் பிடிக்கிறதோ அதை வாங்குங்கள்.

ஃபோனை வைக்கும் முன் உங்கள் அப்பாவே சொன்னார்: "வண்டி வர்றப்ப வரட்டும் சம்பந்தி. அதுவரைக்கும் பொண்ணு எதுக்குக் காத்திருக்கணும்? இந்த ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களை நானே என் வண்டியில கூட்டிட்டு வர்றேன். சாவி மட்டும் இந்தத் தடவை என் பையிலதான் இருக்கும்." அத்தை அந்த அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டாள். பின் சீட்டு காய்ந்துவிட்டதாம், வசதியாக உட்கார்ந்து வாருங்கள். வாழ்நாளெல்லாம் மீட்டர் பார்த்தவன் சொல்கிறேன், வரும்போது யாரும் மீட்டரைப் பார்க்க வேண்டாம்.