வாசலுக்கு மேல சோலார்

"இந்த வீட்ட விக்கிறோம்! கெலுகோர்ல வீடு வாங்குறோம்!"

ஞாயித்துக்கெழம காலையில நாற்காலி மேல ஏறி நின்னு அறிவிச்சேன். உக்காந்து சொன்னா என் பொண்டாட்டி சந்திரிகா காதுல ஏறாது. நின்னு சொன்னாலும் ஏறல.

"இறங்குங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது."

அவளுக்கு இப்ப நாங்க இருக்கிற பாயான் பாருதான் சொர்க்கம். ஃபேக்டரி பஸ் தெருமுனையில வந்து ஏத்திக்கும். வேலி பக்கம் நின்னா பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் நோர்மாகூட உலகச் செய்தி முழுக்கப் பேசலாம்.

"கெலுகோர்ல என்னங்க இருக்கு?"

"யூனிவர்சிட்டி இருக்கு!"

"நீங்க படிக்கப் போறீங்களா?"

"அந்தக் காத்து பட்டாலே போதும்டி!"

"அப்ப ஜன்னலத் திறந்து வைக்கிறேன். இங்கயே படட்டும்."

நான் விடுவேனா? பல் டாக்டர் கிளினிக்ல ஒரு பத்திரிகை படிச்சிருந்தேன். கரண்ட் மிச்சம் பண்ற வீட்டுக்கு வாங்குறவங்க விலை கூடக் குடுப்பாங்களாம்! அந்தச் சந்தோஷத்துல பல்லப் புடுங்கினதே எனக்குத் தெரியல. தப்பான பல்லப் புடுங்கியிருந்தாலும் தேங்க்யூ சொல்லியிருப்பேன்.

மொதல்ல கூரைக்குக் கீழ அலுமினியத் தாள் போட்டேன். வெயில் உள்ள வரல. வீடு குளுகுளுன்னு கேமரன் மலை ஆயிடுச்சு. பூனை போர்வை கேட்டுச்சு. அடுத்தது, கூரை மேல சோலார். வெயில்லயே தண்ணி சூடாகும், கரண்டே வேணாம்!

சந்திரிகா எதுத்துச் சண்டை போடுவான்னு வசனமெல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். அவ, "சரிங்க, செய்ங்க"ன்னுட்டா. அப்பவே நான் உஷாராகியிருக்கணும். ஆகல. சந்தோஷப்பட்டேன்.

மாக் மண்டின் பட்டறையில இருந்து பக்கிரிசாமி அண்ணன் சுடுதண்ணி டாங்கியோட வந்தாரு. ஆள் படுக்கலாம், அவ்ளோ நீளம். ரெண்டு முனையும் உருண்டை.

"தம்பி, முன்பக்கமா பின்பக்கமா? வெயில் ரெண்டுலயும் ஒண்ணுதான்."

"பின்பக்கமே..."

சந்திரிகா தேத்தண்ணியோட வெளிய வந்தா. "என்னங்க நீங்க? நகையப் பெட்டியில பூட்டிட்டா கல்யாணத்துக்குப் போவாங்க? வீடு வாங்க வர்றவன் கண்ணுல மொதல்ல அதுதான படணும்? வாசலுக்கு நேர் மேல வைங்க."

அடடா! என்ன மூளை! என்கூட இருந்து வந்த மூளை!

"டாங்கி வெள்ளையா இருக்கு, நல்லால்ல. நல்லா அடர் பிரவுன்ல பெயிண்ட் அடிச்சா ஓட்டுக்கு மேட்ச் ஆகும்"னும் சொன்னா. அடிச்சேன். ரெண்டு கோட்.

பேப்பர்ல விளம்பரம் போட்டேன். மிஸ்டர் கூ வந்தாரு. சீனரு. ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர். அன்னிக்குன்னு பார்த்து மழை! (டெலிபோன் அடிக்குது, இருங்க... ராங் நம்பர். எங்க விட்டேன்? ஆங், மழை.) மனுஷன் குடையப் புடிச்சுகிட்டுத் தலையக் குனிஞ்சு ஓடி வந்தாரு. கூரையப் பாக்கல.

உள்ள வந்ததும் சொக்கிட்டாரு. "சுடுதண்ணி, கரண்ட் இல்லாமலா? பாகுஸ் லா, பிரமாதம்! விலையெல்லாம் பேச வேணாம், எடுத்துக்கறேன்"னு செக் புக்கத் திறந்து பேனா மூடியயும் கழட்டிட்டாரு. என் மனசு கெலுகோர்ல பால் காய்ச்ச ஆரம்பிச்சிடுச்சு.

"அங்கிள், மழை விட்டிருச்சு," சந்திரிகா குரல்ல தேன் ஒழுகுது. "கையெழுத்துக்கு முன்னாடி வெளிய நின்னு வீட்டு முகப்ப ஒரு தடவ பாத்துடுங்களேன். அதான் அழகே."

போனாரு. கேட் கிட்ட நின்னாரு. நிமிந்து பாத்தாரு. முகம் சுண்ணாம்பு ஆயிடுச்சு.

"வாட் இஸ் தட்?"

"சோலார் டாங்கி அங்கிள்!" நான் நெஞ்ச நிமித்திகிட்டுச் சொன்னேன்.

"டாங்கியா? ஐயா, வாசலுக்கு மேல சவப்பெட்டிய வெச்சிருக்க! அதுக்குக் கீழ நடந்தா நான் உள்ள போனேன்?"

நீளம். உருண்ட முனை. அடர் பிரவுன். சீனங்க சவப்பெட்டி கடையில பாக்குற பெட்டி அப்படியேதான்! அது தெரிஞ்சப்புறம் எனக்கே வேற எதுவாவும் தெரியல. செக் புக் மூடிச்சு. கார் கெளம்பிச்சு. அடுத்த வாரத்துல பாயான் பாரு பசார் முழுக்க எங்க வீட்டுக்குப் பேரு 'பெட்டி வீடு'. அதுக்கப்புறம் ஒரு ஆள் வரல.

"சீனங்களுக்கு இது ஆகாதுன்னு நமக்கு எப்பிடிடி தெரியும்?"னு புலம்பினேன்.

"ஆமாங்க, எப்பிடித் தெரியும்?"னா. பத்து வருஷமா ஆ மெய், ஆ லிங்னு ரெண்டு சீனப் பொண்ணுங்களுக்கு நடுவுல உக்காந்து ஃபேக்டரியில வேலை பாக்குறவ!

நேத்து சுடுதண்ணியில குளிச்சுகிட்டிருந்தேன். பாத்ரூம் ஜன்னலுக்கு வெளிய வேலி. காக் நோர்மா குரல்.

"சந்தி, எங்க வீட்டுலயும் சோலார் போடப்போறோம். எங்க வைக்கிறது?"

"வீட்ட விக்கிற எண்ணம் இருந்தா பின்பக்கம் வைங்க காக்."

"எனக்கு இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு, அபாங்குக்குத்தான் அந்த எண்ணம்."

"அப்பிடியா? அப்ப வாசலுக்கு நேர் மேல வைங்க. பிரவுன் பெயிண்ட் எங்க வீட்டுல மிச்சம் இருக்கு, எங்க வீட்டுக்காரரே வந்து அடிச்சிக் குடுப்பாரு."