பூசணியின் குளியல்

"ஐயோ, வாத்து முங்குது!"

குளியலறையிலிருந்து லிப்பிட் சார் போட்ட கூச்சலில், அடுப்படியில் இருந்த மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"வாத்து எங்கேயாவது முங்குமா? என்னங்க உளறுறீங்க?"

அவர் உளறவில்லை. தொட்டித் தண்ணீரில் அந்த வெள்ளை வாத்து கழுத்துவரை இறங்கிவிட்டிருந்தது. தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, இது என்ன அநியாயம் என்பதுபோல இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. சார் சட்டைக்கையைக்கூட மடிக்காமல் உள்ளே கைவிட்டு அதைத் தூக்கினார். நனைந்த தலையணை மாதிரி கனத்தது.

அவர் கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியர். எண்ணெய், கொழுப்பு, மெழுகு வகையறாவான லிப்பிடுகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர்தான் 'லிப்பிட் சார்'. வாத்து மாமியாருடையது; அதற்குப் பெயர் பூசணி. கண் ஆபரேஷனுக்குப் போன மாமியார், பெற்ற மகளை விட்டுவிட்டு, "மாப்பிள்ளை, உங்களை நம்பித்தான் குடுத்துட்டுப் போறேன்" என்று இவர் கையில் ஒப்படைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து இவரை நம்பி ஒரு சாவியைக்கூடக் கொடுக்காத அம்மாள்! நெகிழ்ந்துபோன சார், மாலையில் மாமியாரும் மாமனாரும் அதை அழைத்துப்போக வரும்போது வாத்து பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் வினை.

"எதைப் போட்டுக் குளிப்பாட்டினீங்க?"

"பாத்திரம் கழுவுற லிக்விட். நுரை பிரமாதமா வந்துச்சு..."

சொல்லும்போதே குரல் உள்ளே போய்விட்டது. முந்தின நாள்தான் வகுப்பில் கையைக் காலை ஆட்டி நடத்தியிருந்தார். சோப்பு மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர். வாலுக்குத் தண்ணீரே ஆகாது; எண்ணெயைத்தான் கட்டிப்பிடிக்கும். வால் பிடிக்க, தலை இழுக்க, எண்ணெய் போயே போய்விடும். வாத்தின் இறகில் இருக்கும் எண்ணெய்ப் பூச்சால்தான் தண்ணீர் உள்ளே புகாமல், காற்று தங்கி, அது மிதக்கிறது என்பதும் அதே பாடத்தில் வருகிறது.

"நானே கழுவி விட்டுட்டேன்டி," என்றார் ஈனஸ்வரத்தில்.

"போனது எண்ணெய்தானே? திரும்பப் பூசிட்டாப் போச்சு!"

இவ்வளவு எளிய யோசனை தனக்கு எப்படித் தோன்றவில்லை என்று சாருக்கே வெட்கமாக இருந்தது. சமையல் எண்ணெய் வந்தது. இருவரும் சேர்ந்து பூசணிக்குத் தலை முதல் வால்வரை தடவினார்கள். இறகுகள் கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டன. நடுவே தோல் தெரிந்தது. தொட்டியில் விட்டால் முன்னைவிட வேகமாக இறங்கியது. பதறித் தூக்கியபோது கையிலிருந்து வழுக்கிப் பாய்ந்து, கூடத்து சோபா, ஜன்னல் திரை, கட்டில் விரிப்பு எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பிடிபட்டது.

"இப்ப இந்த எண்ணெயை எடுக்கணும்."

"எதால?"

சார் பழைய பாட்டிலையே மறுபடி கையில் எடுத்தார். "பாத்திரம் கழுவுற லிக்விட்."

இரண்டாம் குளியல் முடிந்து தலைமுடி உலர்த்தும் கருவியைக் காட்டியதில், பூசணி இரண்டு பங்காக உப்பி, பஞ்சு மூட்டைக்கு மூக்கு வைத்தாற்போல் நின்றது. மிதப்பது மட்டும் நடக்கவில்லை.

திடீரென்று சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தப்பு, தப்பு! அது எண்ணெயே இல்ல, மெழுகு! சமையல் எண்ணெயில ஒரு கிளிசரால், மூணு கொழுப்பு அமிலத்தை இடுப்புல தூக்கிக்கிட்டு நிக்கும். மெழுகு அப்படி இல்ல. நீளமா ஒரு ஆல்கஹால், நீளமா ஒரு கொழுப்பு அமிலம். ரெண்டும் கைகோத்துக்கிட்டுப் போற ஜோடி!"

"வாத்து நடுங்குது. நீங்க ஜோடிக்கதை பேசுங்க!"

"வீட்டுல தேன்மெழுகு இருக்கா?"

கேட்டுக்கொண்டே இருந்தவரின் பார்வை, கண்ணாடி அலமாரியில் இருந்த தேன்மெழுகு கலந்த லிப் பாம் டப்பாவின் மேல் போய் நின்றது.

"தொட்டீங்கன்னா தெரியும் சேதி! அக்கா ஆசையா வாங்கிக் குடுத்தது."

தொட்டார். டப்பா காலியானது. பூசணியின் இறகில் சோபாப் பஞ்சு, தரைத்தூசி, சாரின் உதிர்ந்த முடி எல்லாம் வந்து குடியேறின. வீடெங்கும் ஸ்ட்ராபெரி மணம்.

வாத்தின் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. சார் தன் ஸ்வெட்டரால் அதைச் சுற்றி, சட்டையைத் தளர்த்தித் தொப்பையோடு அணைத்துக்கொண்டார்.

"குறைங்க, குறைங்கன்னு டாக்டர் திட்டுற கொழுப்பு. குளிருக்கு இதைவிடப் போர்வை கிடையாது. உனக்காவது உதவட்டும்."

பூசணி அவர் அக்குளில் அலகைச் செருகிக்கொண்டது. கோபமாக நின்ற மனைவி மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்து, இறகில் ஒட்டிய பஞ்சை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

"அம்மாகிட்ட வாயைத் திறக்காதீங்க. தானா சரியாயிடும்."

"தெரியாம குட்டையில விட்டுட்டாங்கன்னா? என்னை நம்பிக் குடுத்தாங்களே!"

அழைப்பு மணி அடித்தது. கறுப்புக் கண்ணாடியோடு மாமியார் உள்ளே வந்தார். பின்னால் பையைச் சுமந்துகொண்டு மாமனார், அதிகம் பேசாதவர்.

மாமியார் மூக்கை உறிஞ்சினார். "ஏன் மாப்பிள்ளை, பூசணி மேல பழவாசனை அடிக்குது?"

சார் மடை திறந்தாற்போல் கொட்டிவிட்டார். சோப்பு, எண்ணெய், மெழுகு, எதையும் விடவில்லை.

"இப்போதைக்கு இது மிதக்காது அத்தை. வால்கிட்ட இருக்கிற சுரப்பியிலேருந்து மெழுகை அதுவா எடுத்துப் பூசிக்கிற வரைக்கும் தண்ணியில விட்றாதீங்க. தப்பு முழுக்க என்னோடதுதான்."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் மாமனார் பக்கம் திரும்பினார். மாமனார் பையைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மிதக்கிற வாத்தா இருந்தா குட்டையிலேயே விட்டுட்டு வந்திருப்பாளே மாப்பிள்ளை! பொறந்ததுலேருந்து முங்குதுன்னுதானே உங்க அத்தை இதை வீட்டுக்குள்ள வச்சு வளர்க்கிறா!"